ஸ்ப்ளிட் கீபோர்டு மக்கர் பண்ணுதா? அறிகுறிய வெச்சு பிழைய புடிக்கலாம்

கார்ன், லில்லி58, சோஃபில் மாதிரி கிட்டு வாங்கி சால்டர் பண்ணதா இருந்தாலும் சரி, ஒயர் இழுத்து கையாலயே கட்டுனதா இருந்தாலும் சரி, ரெண்டு துண்டு கீபோர்டுல வர்ற பிரச்சனை எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருது. என்னோட போர்டு, நண்பர்களோட போர்டுன்னு மாத்தி மாத்தி மேசைக்கு வந்ததுல எந்த அறிகுறிக்கு எதை முதல்ல பாக்கணும்னு ஒரு வரிசை பழகிடுச்சு, அதைத்தான் இங்க எழுதி வெக்கிறேன். இதுல பெரும்பாலும் க்யூஎம்கே (கீபோர்டுக்குள்ள ஓடுற ஃபர்ம்வேர், அதாவது உள் சாஃப்ட்வேர்) ஓடுற ஒயர் போர்டுங்கதான், ஒயர்லெஸ் போர்டுல ஓடுற ஸெட்எம்கே ஃபர்ம்வேர் பத்தி கடைசில கொஞ்சம் இருக்கு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், "ஃபர்ம்வேர் போச்சு"ன்னு வர்ற போர்டுல பாதிக்கு மேல ஃபர்ம்வேர் நல்லாதான் இருக்கும். கேபிள், எந்தப் பக்கம் இடது எந்தப் பக்கம் வலதுன்னு போர்டுக்கு இருக்கிற குழப்பம், ஈப்ராம்ல (கரண்ட் போனாலும் மறக்காத மெமரி) தங்கிப்போன பழைய செட்டிங், இந்த மூணுலயே நிறைய முடிஞ்சிடும். அதனால கீமேப் ஃபைல்ல (எந்த கீக்கு எந்த எழுத்துன்னு சொல்றது) கை வெக்கிறது கடைசி வேலை.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இது

யுஎஸ்பிய கழட்டுங்க, அப்புறம்தான் ரெண்டு துண்டையும் சேர்க்குற டிஆர்ஆர்எஸ் கேபிள (ஹெட்போன் ப்ளக் மாதிரி, ஆனா 4 கான்டாக்ட்) கழட்டணும். மாட்டும்போது நடுக் கேபிள் முதல்ல, யுஎஸ்பி கடைசி. இந்த வரிசைய தயவுசெஞ்சு மாத்தாதீங்க, டிஆர்ஆர்எஸ் ப்ளக் உள்ள போகும்போதும் வெளிய வரும்போதும் அதோட வளையங்க ஜாக்குக்குள்ள இருக்கிற வேற வேற கான்டாக்ட்ட தொட்டுக்கிட்டே போகும், கரண்ட் இருக்கும்போது அப்படி நடந்தா விசிசியும் (கரண்ட் வர்ற லைன்) கிரவுண்டும் ஒரு கணம் ஷார்ட் ஆகும், இல்லன்னா டேட்டா பின்ல போய் இடிக்கும், கன்ட்ரோலர் செத்துப்போன போர்டுல இதுவே காரணமா இருந்தத நிறைய பாத்திருக்கேன்.

இப்ப ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா, நடுக் கேபிள் இல்லாம, யுஎஸ்பில மாட்டி டைப் பண்ணிப் பாருங்க. இந்த ஒரு டெஸ்ட் வேலைய ரெண்டா பிரிச்சிடும்:

தனியா மாட்டுனா ரெண்டும் வேலை செய்யுது, சேர்த்தா இல்ல → பிரச்சனை ரெண்டுக்கும் நடுவுல. "ஒரு பக்கம் செத்துக் கிடக்கு" பகுதிக்குப் போங்க.

தனியா மாட்டுனாலும் ஒரு துண்டு பேசல → அந்த கன்ட்ரோலர், அந்தத் துண்டோட சால்டரிங், இல்ல அதுல ஏறியிருக்கிற ஃபர்ம்வேர். "கம்ப்யூட்டருக்கு போர்டே தெரியல" பகுதிக்குப் போங்க.

டெஸ்ட் பண்றப்ப உங்க சொந்த கீமேப் வேணாம், அந்த போர்டோட டீஃபால்ட் கீமேப்ப ரெண்டு பக்கமும் ஏத்திட்டு ஆரம்பிங்க. டீஃபால்ட்ல பிரச்சனை காணாமப் போனா மிச்சத்த உங்க ஃபைல்ல தேடுனா போதும்.

## கம்ப்யூட்டருக்கு போர்டே தெரியல

யுஎஸ்பி கேபிள மாத்துங்க. சார்ஜ் மட்டும் போற கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது, லைட் எரியும், ஓலெட் (போர்டுல இருக்கிற சின்ன ஸ்க்ரீன்) கூட எரியும், ஆனா கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாது. போன்ல ஃபைல் காப்பி பண்ண அதே கேபிள எடுத்து மாட்டுனா சந்தேகம் தீர்ந்திடும். ஹப் இருந்தா அதையும் விட்டுட்டு நேரா மெஷின்லயே குத்துங்க.

அப்பவும் இல்லையா, பூட்லோடருக்குள்ள (ஃபர்ம்வேர ஏத்த விடுற சின்ன புரோகிராம்) போகுதான்னு பாக்கணும்.

கன்ட்ரோலர் ப்ரோ மைக்ரோவா (ஏடிமெகா32யு4 சிப்பு இருக்கிறது) இருந்தா → ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ட்வீஸர் வெச்சு சட்டுசட்டுன்னு ரெண்டு தடவ ஷார்ட் பண்ணுங்க. பூட்லோடர் 8 செகண்டுதான் முழிச்சிருக்கும், அதுக்குள்ள விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்லயோ லினக்ஸ் டிமெசேஜ்லயோ புதுசா ஒரு சீரியல் போர்ட் வரும்.

ஆர்பி2040 சிப்பா இருந்தா → பூட் பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே யுஎஸ்பி மாட்டுங்க, "ஆர்பிஐ-ஆர்பி2"ங்கற பேர்ல ஒரு டிரைவ் வரணும். இந்த பூட்லோடர் சிப்போட ரோம்லயே (அழிக்க முடியாத மெமரி) எரிச்சு வெச்சது, நீங்க எந்த தப்பான ஃபைல ஏத்துனாலும் அது அழியாது, அதனால ஆர்பி2040 போர்டு ஃபர்ம்வேரால நிரந்தரமா செத்துடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பூட்லோடர் வந்துடுச்சுன்னா கன்ட்ரோலர் உயிரோட இருக்கு, டீஃபால்ட் ஃபர்ம்வேர ஏத்துங்க, அவ்ளோதான். வரலன்னா யுஎஸ்பி போர்ட்ட மெதுவா அசைச்சுப் பாருங்க. மைக்ரோ யுஎஸ்பி இருக்கிற ப்ரோ மைக்ரோல அந்த போர்ட் பேட்லருந்து பிச்சிக்கிட்டு வர்றது ரொம்ப சாதாரணம். அசைச்சா கனெக்ட் ஆகி கனெக்ட் ஆகி போகுதுன்னா அதான் விஷயம். மாட்டுன உடனே சிப்பு கை வைக்க முடியாத சூடு ஆகுதுன்னா உடனே கழட்டிடுங்க, எங்கயோ ஷார்ட், மறுபடி மறுபடி மாட்டிப் பாக்காதீங்க.

ஆள் தேட வேண்டிய இடம்: பேட் பிச்சிக்கிட்ட போர்ட், சூடாகுற சிப்பு, ப்ரோ மைக்ரோல பூட்லோடரே அழிஞ்சு போனது. கடைசில சொன்னதுக்கு இன்னொரு போர்ட ஐஎஸ்பி ப்ரோக்ராமரா வெச்சு பூட்லோடர மறுபடி எரிக்கலாம், அதுக்கு ஒயரிங் புரியும்னா நீங்களே பண்ணுங்க. முதல் ரெண்டும் ஹாட் ஏர் வெச்சு மொபைல் போர்டு சர்வீஸ் பண்றவங்க வேலை. கன்ட்ரோலர் சாக்கெட்ல இருந்தா எதுவுமே வேணாம், புடுங்கிட்டு புதுசு மாட்டுங்க.

## ஃபர்ம்வேர் ஏறவே மாட்டேங்குது

எர்ரர் மெசேஜ படிங்க, அதுலயே வழி பிரிஞ்சிடும்.

"சைஸ் பெருசா இருக்கு"ன்னு சொல்லுதா → ஏடிமெகா32யு4ல பூட்லோடருக்கு 4 கேபி போக நமக்கு கிடைக்கிறது 28672 பைட்தான். ரூல்ஸ் ஃபைல்ல எல்டிஓ எனேபிள எஸ்னு போடுங்க, இது ஒண்ணே நல்லா குறைக்கும். பத்தலன்னா கன்சோல், கமாண்ட், மவுஸ் கீ, ஸ்பேஸ் கேடட், கிரேவ் எஸ்கேப், மேஜிக் இதுல எது தேவையில்லையோ அத நோ போடுங்க. அப்பவும் பத்தலன்னா ஆர்ஜிபி அனிமேஷன ஒவ்வொண்ணா எடுங்க. ஓலெட்ல ஓடுற படம் நிறைய இடம் புடிக்கும், அத எடுக்க நிறைய பேருக்கு மனசு வராது, ஆனா அதான் சட்டுன்னு இடம் கொடுக்கும்.

"டிவைஸுக்காக காத்திருக்கேன்"னு நின்னுடுதா → ப்ரோ மைக்ரோன்னா அந்த 8 செகண்ட் தவறியிருக்கும், ஃப்ளாஷ் (ஃபர்ம்வேர் ஏத்துற) கமாண்ட முதல்ல ஓடவிட்டு அது காத்துக்கிட்டு இருக்கும்போது ரீசெட் பண்ணுங்க.

லினக்ஸ்ல பர்மிஷன் இல்லன்னு சொல்லுதா → க்யூஎம்கே ஃபோல்டருக்குள்ள யுடெவ் ரூல்ஸ் ஃபைல் இருக்கு, அத சிஸ்டத்துக்குள்ள காப்பி பண்ணி ரூல்ஸ ரீலோட் பண்ணுங்க. சூடோ போட்டு ஓட்டி தப்பிக்க வேணாம். மோடம் மேனேஜர் ஓடிக்கிட்டு இருந்தா அது புதுசா வந்த சீரியல் போர்ட்ட மோடம்னு நெனச்சு புடிச்சுக்கும், பாதியில ஃப்ளாஷ் நின்னா அத நிறுத்திட்டு முயற்சி பண்ணுங்க.

விண்டோஸ்ல டிஎஃப்யு பூட்லோடர் தெரியலையா → டிரைவர் இல்ல. க்யூஎம்கே டூல்பாக்ஸ்லயே (ஃபர்ம்வேர் ஏத்துற ஆப்) டிரைவர் இன்ஸ்டால் பண்ற ஆப்ஷன் இருக்கு. ஆர்பி2040க்கு இந்த தொல்லை கிடையாது, யுஎஃப்2 ஃபைல டிரைவ்ல இழுத்துப் போட்டா முடிஞ்சது.

கேஸுக்குள்ள பட்டன் எட்டாம ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ கழட்டுறவங்க, ஆர்பி2040ன்னா கான்ஃபிக்ல டபுள் டேப் ரீசெட்ட டிஃபைன் பண்ணி வெச்சுக்கோங்க, ரீசெட்ட ரெண்டு தட்டு தட்டுனா டிரைவ் வந்திடும். கீமேப்ல ஒரு பூட் கீயும் வெச்சுக்கோங்க, ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு.

## ஏறிடுச்சு, ஆனா பழைய கீமேப்தான் வருது

இதுக்குதான் ஆளுங்க ரொம்ப நேரம் கோடையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, கோடுல ஒண்ணுமே இருக்காது.

எந்தப் பக்கம் ஃப்ளாஷ் பண்ணீங்க, எந்தப் பக்கம் யுஎஸ்பி மாட்டியிருக்கீங்க? கீமேப்ப படிக்கிறது யுஎஸ்பி இருக்கிற துண்டு மட்டும்தான். இடதுல ஏத்திட்டு வலதுல கேபிள மாட்டுனா வலதுல இருக்கிற பழசுதான் வரும். ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல ஏத்துறது பழக்கமா வெச்சுக்கோங்க. ஓலெட், ஆர்ஜிபி, லேயர் (ஒரே கீக்கு இன்னொரு அடுக்கு எழுத்து) சிங்க் மாதிரி ரெண்டு துண்டும் பேசிக்கிற விஷயத்த மாத்தியிருந்தா ரெண்டு பக்கமும் ஏத்தியே ஆகணும், ஒரு பக்கம் பழசா இருந்தா இன்னொரு பக்கம் பேசாம கூட போயிடும்.

வயா (ஃப்ளாஷ் பண்ணாமலே கீமேப்ப மாத்துற ஆப்) போட்ட ஃபர்ம்வேரா? அப்ப கீமேப் ஈப்ராம்லருந்து வருது. நீங்க ஃபைல்ல மாத்துனது ஃப்ளாஷ்ல நல்லா உக்காந்திருக்கும், ஆனா போர்டு அதப் பாக்காது. வயா ஃபர்ம்வேரோட பில்ட் தேதிய வெச்சுதான் ஈப்ராம் பழசா புதுசான்னு முடிவு பண்ணுது, அதனால ஒரே நாள்ல மாத்தி மாத்தி கம்பைல் பண்ணி ஏத்தும்போது இந்தக் குழப்பம் அதிகமா வரும். ஈப்ராம் க்ளியர் கீய ஒரு லேயர்ல வெச்சு அமுக்குங்க, இல்ல டூல்பாக்ஸ்ல க்ளியர் ஈப்ராம் குடுங்க. க்ளியர் பண்றதுக்கு முன்னாடி வயால இருக்கிற கீமேப்ப ஃபைலா சேவ் பண்ணிடுங்க.

கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் கீ மட்டும் இடம் மாறி வருதுன்னா அதுவும் ஈப்ராம்தான், மேஜிக் ஸ்வாப் கீ எங்கயோ தெரியாம அமுங்கியிருக்கும், திரும்ப ஃப்ளாஷ் பண்ணாலும் போகாது, க்ளியர் பண்ணா போயிடும்.

## ஒரு பக்கம் செத்துக் கிடக்கு

அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் இதான், கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

முதல்ல கேபிள். ப்ளக்குல கருப்பு வளையம் எத்தன இருக்குன்னு எண்ணுங்க, 3 இருந்தா 4 கான்டாக்ட், நமக்கு வேண்டியது அதான். 2 இருந்தா சாதா ஹெட்போன் ஒயர், 3 கான்டாக்ட்தான். ரெண்டு துண்டும் சீரியல்ல (ஒரே டேட்டா ஒயர்) பேசுற சில போர்டுல அது கூட ஓடும், ஐ2சில (ரெண்டு ஒயர் வேணும்) ஓடவே ஓடாது. மல்டிமீட்டர கன்டினியூட்டில வெச்சு கேபிளோட நாலு கோட்டையும் பாருங்க, அப்படியே வளைச்சு நெளிச்சு பாருங்க.

அடுத்து, உயிர் இல்லாத பக்கத்துக்கு கரண்ட் போகுதா. ஓலெட்டோ எல்இடியோ எரிஞ்சா போகுது. இல்லன்னா அந்தப் பக்க கன்ட்ரோலரோட விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அளங்க. ப்ரோ மைக்ரோன்னா 5 வோல்ட் பக்கத்துல வரணும். வரலன்னா டிஆர்ஆர்எஸ் ஜாக்கோட சால்டர மறுபடி சூடு பண்ணி விடுங்க, ஜாக்கோட கால் பெருசா இருக்கும், சூடு பத்தாம சால்டர் மேலாப்புல ஒட்டியிருக்கிறது அடிக்கடி நடக்குறது.

கரண்ட் போகுது, ஆனா கீ வரல → டேட்டா ஒயர். நிறைய ப்ரோ மைக்ரோ போர்டுல சீரியல் பின் டி2. ரெண்டு கன்ட்ரோலரோட அந்தப் பின்னுக்கும் நடுவுல கேபிள் வழியா கன்டினியூட்டி இருக்கான்னு பாருங்க (யுஎஸ்பி கழட்டிட்டு). இருந்தா கான்ஃபிக்ல சொல்லியிருக்கிற பின்னும் நிஜமா சால்டர் பண்ண பின்னும் ஒண்ணான்னு பாருங்க, கையால கட்டுன போர்டுல இங்கதான் மாட்டும். ஐ2சின்னா ரெண்டு லைன்லயும் புல்லப் ரெசிஸ்டர் இருக்கணும், 4.7 கிலோ ஓம் போட்டா சரியா இருக்கும், கிட்டுல அதுக்கு இடம் விட்டிருப்பாங்க, "ஆப்ஷனல்"னு நெனச்சு விட்டுடுவாங்க.

பேசுது ஆனா விட்டு விட்டு பேசுது, நீளமான கேபிள் போட்டா மோசமாகுது → சாஃப்ட் சீரியல் ஸ்பீட குறைங்க. டீஃபால்ட் 1, நம்பர் ஏற ஏற வேகம் குறையும், 5 வரைக்கும் போகலாம். 2 இல்ல 3 வெச்சாலே பெரும்பாலும் நின்னுடும். ரெண்டு பக்கமும் அதே நம்பர்ல ஏத்தணும்.

### சேர்த்து மாட்டுனா ரெண்டுமே பேசல

மெஷின ஆன் பண்ணும்போது மட்டும் இப்படி இருந்து, கழட்டி மாட்டுனா சரியாகுதா? அப்ப ரெண்டு துண்டும் "நான் ஸ்லேவ்"னு (யுஎஸ்பி இருக்கிற மாஸ்டர் சொல்றத கேக்குற பக்கம்) நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஆர்ம் சிப்புல (ஆர்பி2040 மாதிரி) யுஎஸ்பி கனெக்ட் ஆகுதான்னு 2000 மில்லி செகண்ட் பாத்துட்டு, ஆகலன்னா ஸ்லேவா போயிடும், மெதுவா முழிக்கிற மெஷினோ ஹப்போ இருந்தா அந்த நேரம் பத்தாது. ஸ்ப்ளிட் யுஎஸ்பி டைம்அவுட்ட கூட்டுங்க, ஸ்ப்ளிட் வாட்ச்டாகையும் எனேபிள் பண்ணுங்க, மாஸ்டர்கிட்டருந்து சத்தமே இல்லன்னா துண்டு தானா ரீபூட் ஆகி மறுபடி முயற்சி பண்ணும். பவர் பேங்க்ல மாட்டி டெஸ்ட் பண்ணாதீங்க, அங்க யுஎஸ்பி டேட்டா இல்லாததால மாஸ்டரே உருவாகாது, போர்டு கெட்டுடுச்சுன்னு தப்பா தோணும்.

### இடது அமுக்குனா வலது எழுத்து வருது

கை விவரம் (எது இடது, எது வலதுங்கறது) இல்ல. எதுவும் சொல்லலன்னா யுஎஸ்பி இருக்கிற துண்டுதான் இடதுன்னு க்யூஎம்கே எடுத்துக்கும், அதனால வலதுல கேபிள் மாட்டுனா எல்லாம் மாறும். எப்பவும் இடதுலயே மாட்டுறதா இருந்தா பிரச்சனையே இல்ல. வலதுலதான் மாட்டுவேன்னா மாஸ்டர் ரைட் டிஃபைன் பண்ணுங்க. ரெண்டுலயும் மாட்டணும்னா ஈஈ ஹேண்ட்ஸ் டிஃபைன் பண்ணி, ஃப்ளாஷ் பண்ணும்போது இடதுக்கு ஸ்ப்ளிட்-லெஃப்ட் டார்கெட்டும் வலதுக்கு ஸ்ப்ளிட்-ரைட் டார்கெட்டும் குடுக்கணும், அது ஈப்ராம்ல கைய எழுதி வெச்சிடும். என்னைக் கேட்டா இதான் நல்ல வழி. ஈப்ராம முழுசா அழிச்சா கை விவரமும் சேர்ந்து போகலாம், மேல சொன்ன க்ளியர பண்ணதும் இந்த அறிகுறி வந்துச்சுன்னா பயப்படாதீங்க, டூல்பாக்ஸ்ல செட் லெஃப்ட் ஹேண்ட், செட் ரைட் ஹேண்ட் இருக்கு.

வலது பக்கம் மட்டும் கண்ணாடில பாக்குற மாதிரி தலைகீழா வருதா → வலது கன்ட்ரோலர் கவுத்து மாட்டியிருக்கு, இல்ல பின் வரிசை வேற. வலதுக்குத் தனியா பின் லிஸ்ட் குடுக்கலாம். கையால கட்டுன போர்டுல பழைய கான்ஃபிக் முறைல ரோ (படுக்கை வரிசை) எண்ணிக்கைய ரெட்டிப்பா போடணும், ஒரு பக்கம் 4 ரோன்னா மொத்தம் 8, இத விட்டுட்டா வலது பக்கமே இல்லாத மாதிரி இருக்கும்.

## சில கீ மட்டும் வேலை செய்யல

ஒரே ஒரு கீ → ஹாட்ஸ்வாப்னா சுவிட்ச்ச புடுங்கிப் பாருங்க, ஒரு கால் மடிஞ்சிருக்கும். நேரா இருந்தா ட்வீஸர் வெச்சு சாக்கெட்டோட ரெண்டு கான்டாக்ட்டையும் தொடுங்க, எழுத்து வந்தா சுவிட்ச் கெட்டது, வரலன்னா டையோடு. மல்டிமீட்டர் டையோடு மோடுல 1என்4148 ஒரு பக்கம் 0.5லருந்து 0.7 வோல்ட் காட்டணும், திருப்பி வெச்சா ஒண்ணும் காட்டக் கூடாது. பக்கத்துல இருக்கிற டையோடோட கோடு எந்தப் பக்கம் பாக்குதோ அதே பக்கம் இதுவும் பாக்குதான்னு பாருங்க.

ஒரு முழு வரிசை (ரோ), இல்ல மேலருந்து கீழ ஒரு முழு காலம் (column) → கன்ட்ரோலரோட அந்த ஒரு பின். சால்டர மறுபடி சூடு பண்ணுங்க. கன்ட்ரோலர் பின்ல நேரா ஒரு ஒயர தொட்டும் வரலன்னா அந்தப் பின்னே செத்திருக்கும். காலியா இருக்கிற வேற பின்னுக்கு ஒரு ஒயர் இழுத்துட்டு கான்ஃபிக்ல பின் பேர மாத்துனா போதும், கன்ட்ரோலர் மாத்த வேணாம்.

ரெண்டு வரிசை சேர்ந்தே வருது → பக்கத்து பக்கத்து பின்னுக்கு நடுவுல சால்டர் பாலம்.

எந்த கீயுமே வரல ஆனா கம்ப்யூட்டருக்கு போர்டு தெரியுது → டையோடு திசை. கோடு ரோ பக்கம் பாத்தா கால் டு ரோ, காலம் பக்கம் பாத்தா ரோ டு கால், கான்ஃபிக்ல ஒரு வார்த்தைய மாத்துனா மொத்தமும் உயிர் வந்திடும்.

எதுவுமே புரியலன்னா கன்சோல எனேபிள் பண்ணி, டீபக் மேட்ரிக்ஸ ஆன் பண்ணி, க்யூஎம்கே கன்சோல ஓடவிட்டு ஒவ்வொரு கீயா அமுக்குங்க. மேட்ரிக்ஸ்ல புள்ளி மாறுது ஆனா எழுத்து வரலன்னா கீமேப். மாறவே இல்லன்னா ஹார்ட்வேர்.

24 கால் இருக்கிற கன்ட்ரோலர சாக்கெட் இல்லாம நேரா சால்டர் பண்ணியிருந்து அத கழட்ட வேண்டி வந்தா, முன்ன பின்ன டீசால்டர் பண்ணதில்லன்னா ஆள் கிட்ட குடுங்க. பலவந்தமா இழுத்தா போர்டோட துளைல இருக்கிற செம்பு வளையம் சேர்ந்து வந்திடும், கன்ட்ரோலரவிட போர்டுதான் மாத்த கஷ்டம்.

## ஒரு தடவ அமுக்குனா ரெண்டு எழுத்து

ஒரே கீல மட்டும்னா சுவிட்ச மாத்துங்க. பல கீல வந்தா டீபவுன்ஸ (சுவிட்ச் துடிப்பு அடங்க போர்டு காத்திருக்கிற நேரம்) கூட்டணும், டீஃபால்ட்டா 5 மில்லி செகண்ட், 8 இல்ல 10 வெச்சுப் பாருங்க. அதுக்கு மேல ஏத்தி சமாளிக்கிறது சுவிட்ச் கெட்டத மூடி மறைக்கிறதுதான்.

## எழுத்துக்குப் பதிலா ஷிஃப்ட் விழுது, லேயர் மாட்டிக்குது

இது கோளாறே இல்ல, செட்டிங். ஹோம் ரோ மாட் (எழுத்து கீயையே அமுக்கிப் புடிச்சா ஷிஃப்ட், கன்ட்ரோல் ஆகுறது) வெச்சிருந்தா டேப்பிங் டெர்ம் (தட்டுனதா, புடிச்சதான்னு முடிவு பண்ற நேரம்) டீஃபால்ட் 200 மில்லி செகண்ட், வேகமா டைப் பண்றப்ப தேவையில்லாம ஷிஃப்ட் விழுந்தா கொஞ்சம் கூட்டுங்க, ஷிஃப்ட் வர வேண்டிய இடத்துல எழுத்து வந்தா பர்மிஸிவ் ஹோல்ட ஆன் பண்ணிப் பாருங்க. லேயர் மாட்டிக்கிட்டா, மொமென்டரி கீ (புடிச்சிருக்கிற வரைக்கும் மட்டும் லேயர மாத்துறது) இருக்கிற அதே இடத்துல மேல் லேயர்ல டிரான்ஸ்பரன்ட் (கீழ் லேயர் கீயவே எடுத்துக்கிறது) இருக்கணும், வேற கீ இருந்தா நீங்க கைய எடுத்தத போர்டு கவனிக்காது.

## ஓலெட்டும் லைட்டும்

ஓலெட் ஒரு பக்கம் கருப்பா இருந்தா பின் ஹெடர் சால்டரையும், கார்ன் மாதிரி போர்டுல ஓலெட்டுக்குன்னு இருக்கிற ஜம்பர் பேடையும் பாருங்க, ஜம்பர மறக்குறதுதான் ரொம்ப அதிகம். படம் குப்பையா, பக்கவாட்டுல 2 பிக்ஸல் தள்ளி வந்தா அது எஸ்எச்1106 சிப்பு, கான்ஃபிக்ல அத சொல்லணும். டைப் பண்றதே மந்தமா இருந்தா ஓலெட்ட டிஸேபிள் பண்ணி ஏத்திப் பாருங்க, லூஸ் கான்டாக்ட் ஓலெட்டோட பேச முயற்சி பண்ணியே கன்ட்ரோலர் நேரத்த வீணாக்கும்.

ஆர்ஜிபில ஒரு எல்இடிக்கு அப்புறம் எல்லாம் இருட்டுன்னா, கடைசியா எரியிறத இல்ல அதுக்கு அடுத்தத பாருங்க, டேட்டா அது வழியாதான் அடுத்ததுக்குப் போகுது. வெள்ளைல ஃபுல் பிரைட் வெச்சதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகி ஆகி போகுதா? டபிள்யூஎஸ்2812 ஒண்ணு ஃபுல் வெள்ளைல 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், கார்ன்ல 54 எல்இடி, யுஎஸ்பி 2.0 போர்ட் குடுக்குறது 500 மில்லி ஆம்பியர். பிரைட்னஸுக்கு ஃபர்ம்வேர்லயே உச்ச வரம்பு வெச்சு ஏத்துங்க. அந்த பிரைட்னஸ் ஈப்ராம்ல சேவ் ஆகி பூட்லயே விழுந்துக்கிட்டு இருந்தா ஈப்ராம் க்ளியர்.

## ஒயர்லெஸ் ஸெட்எம்கேல ரெண்டு துண்டும் சேரல

வழக்கமா இடதுதான் சென்ட்ரல், கம்ப்யூட்டர்கிட்ட பேசுறது அதுதான். வலதுல மட்டும் யுஎஸ்பி மாட்டிட்டு எழுத்து வரலன்னா அது அப்படித்தான் இருக்கும்.

ஒரு துண்ட மாத்துனீங்க, இல்ல ரெண்டும் திடீர்னு பேசுறத நிறுத்திடுச்சுன்னா செட்டிங்ஸ் ரீசெட் ஃபர்ம்வேர ரெண்டு பக்கமும் ஏத்துங்க, அப்புறம் அதது ஃபர்ம்வேர மறுபடி ஏத்திட்டு ரெண்டையும் ஒரே நேரத்துல ரீசெட் பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் ரீசெட் பண்ணா பழைய ஜோடிய இன்னொரு பக்கம் தேடிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர்லயும் ப்ளூடூத் லிஸ்ட்லருந்து கீபோர்ட எடுத்துட்டு புதுசா பேர் பண்ணணும். ஸெட்எம்கே ஸ்டுடியோல (ஃப்ளாஷ் பண்ணாம கீமேப் மாத்துற ஆப்) கீமேப் மாத்தியிருந்தா ஃபைல்ல மாத்துறது எடுபடாது, ஸ்டுடியோல ரீஸ்டோர் ஸ்டாக் செட்டிங்ஸ் குடுத்துட்டு பாருங்க.

பேட்டரி உப்பியிருந்தாலோ, சார்ஜ் போடும்போது சூடானாலோ டெஸ்ட் எதுவும் வேணாம், கழட்டுங்க. லித்தியம் செல்ல அமுக்கிப் பாக்குறது, ஒயர் மேல மறுபடி சால்டர் வெக்கிறது எதுவும் பண்ணாதீங்க, அத மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுத்துட்டு புது செல் போட்டதுக்கு அப்புறம் மத்த பிழைய தேடலாம்.